பழைய ஸ்டீரியோ யுனிவர்சல் ரிமோட்டுக்கு மசியவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கலாம்

யுனிவர்சல் ரிமோட் டிவிக்கு ஐந்து நிமிடத்தில் அமைந்துவிடும். அதே ரிமோட்டை 1980, 90-களில் வந்த ஆம்ப்ளிஃபயருக்கோ சிடி பிளேயருக்கோ பழக்கப் போனால் ஒரு மாலைப்பொழுதே போய்விடும். ரிமோட் மட்டம் என்று தூக்கிப் போடத் தோன்றும். பெரும்பாலும் அது காரணமில்லை. ரிமோட்டோடு வரும் கையேடு டிவியை மனதில் வைத்து எழுதப்பட்டது. பழைய ஸ்டீரியோவிலோ ஆம்ப் தனி, ட்யூனர் தனி, கேசட் டெக் தனி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட், அதாவது எந்தச் செட்டோடு பேச வேண்டும் என்று ரிமோட்டுக்குச் சொல்லும் எண். ரிமோட்டில் பவர் பட்டனே இல்லாமல் விற்ற செட்டுகளும் ஏராளம்.

அதனால் முதலில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கோட் பொருந்துகிறதா என்று பார்க்கப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். ஆம்ப் என்றால் வால்யூம், சிடி அல்லது டெக் என்றால் பிளே, ட்யூனர் என்றால் ஸ்டேஷன் மாற்றும் பட்டன். செட்டைக் கையால் ஆன் செய்து, ஏதாவது ஒன்றை ஓடவிட்டு, அதன் பிறகு சோதியுங்கள். கீழே இருப்பதில் பாதி இந்த ஒரு விஷயத்திலேயே தீர்ந்துவிடும்.

எதை அழுத்தினாலும் ஒன்றுமே நடக்கவில்லை

ரிமோட் ஒளி அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள். போனின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முன்முனையை லென்ஸுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்தினால் திரையில் ஊதாவாகவோ வெள்ளையாகவோ மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியவில்லை என்றால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பல போன்களில் பின்பக்கக் கேமராவுக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருக்கும். எந்த பட்டனுக்கும் மினுக்கல் இல்லையென்றால் பேட்டரி, பேட்டரி ஸ்பிரிங்கில் பூத்த பச்சை, இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். யுனிவர்சல் ரிமோட்டில் இன்னொன்றும் உண்டு: கோட் எதுவும் ஏற்றப்படாத சாதனப் பட்டன் தேர்வாகியிருந்தால் சில மாடல்கள் ஒன்றையும் அனுப்பாது.

மினுக்குகிறது, ஆனால் செட் கேட்கவில்லை என்றால் அடுத்த கேள்வி: அந்தச் செட்டுக்குக் கண் இருக்கிறதா? முகப்பில் கருஞ்சிவப்பு அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று, பெரும்பாலும் பக்கத்தில் ரிமோட் சென்சார் என்ற எழுத்து. அது இல்லாத ஆம்பை எந்த ரிமோட்டும் அசைக்காது. 70-களின் பெரிய வெள்ளி முகப்பு ரிசீவர்கள் இந்த ரகம்தான். ஒரு செட்டாக வாங்கிய அடுக்கு ஸ்டீரியோவில் இன்னொரு வேடிக்கை: கண் ஒரே ஒரு பெட்டியில்தான் இருக்கும், மற்றவற்றுக்குப் பின்பக்க ஒயர் வழியாகத்தான் உத்தரவு போகும். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு டெக்கை மட்டும் தனியாக விற்றிருந்தால் அது ரிமோட்டுக்குச் செவிடு.

கண் இருக்கிறது, ஆனாலும் கேட்கவில்லையா? செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இதைத்தான் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். மராண்ட்ஸ் சிடி பிளேயர், ஆம்ப் பலவற்றில் ரிமோட் ஜாக்குகளுக்குப் பக்கத்தில் இன்டர்னல், எக்ஸ்டர்னல் என்று ஒரு சின்ன நகர்த்து ஸ்விட்ச் இருக்கும். எக்ஸ்டர்னலில் நின்றால் முன்கண் அணைந்துவிடும். வேறு பெட்டியிலிருந்து ஒயரில் வரும் உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். தனிப் பெட்டியாக வாங்கியவர்கள் இதை இன்டர்னலுக்குத் தள்ள வேண்டும். பயனியரில் ஸ்விட்ச் கிடையாது, ஜாக்தான்: கன்ட்ரோல் இன் துளையில் பிளக் செருகினாலே முன்கண் வேலையை நிறுத்திவிடும். மறுமுனை எங்கும் போகாமல் தொங்கும் ஒயராக இருந்தாலும் அப்படித்தான். உருவிவிடுங்கள்.

ஒயர் வழிக் கட்டுப்பாட்டை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்கியோவின் ஆர்ஐ, பயனியரின் எஸ்ஆர் என்ற ஒயர் வழி முறைகள் இரண்டிலும் கட்டுப்பாட்டு ஒயர் மட்டும் போதாது, இரு பெட்டிகளுக்கும் நடுவே சாதாரண ஆடியோ கேபிளும் இணைந்திருக்க வேண்டும். அதன் வழியாகத்தான் கிரவுண்ட் கிடைக்கிறது.

கோட் தேடல் முழுக்க ஓடி முடிந்தது, செட் அசையவில்லை

தானியங்கித் தேடல் ஒவ்வொரு கோட்டிலும் பவர் சிக்னலை அனுப்பி, செட் அணைகிறதா என்று உங்களைப் பார்க்கச் சொல்லும். உங்கள் ஆம்பில் பவர் என்பது டக் என்று அமுங்கும் இயந்திர ஸ்விட்ச் என்றால், சரியான கோட் வந்து போனதே உங்களுக்குத் தெரியாது. ஸ்டாண்ட்பை விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தத் தேடலை நம்பிப் பயனில்லை.

ஒன் ஃபார் ஆல் ரிமோட்களிலும் அதே கம்பெனி பிறருக்குச் செய்துகொடுக்கும் பல ரிமோட்களிலும் செட்டப் பட்டனை எல்இடி இரண்டு முறை சிமிட்டும் வரை பிடித்து, 9-9-1 அழுத்தினால் ஒவ்வொன்றாகத் தேடும் முறை தொடங்கும். சில மாடல்களில் அடுத்து பவருக்குப் பதில் பிளேயையோ வால்யூமையோ அழுத்தினால் அந்த உத்தரவையே ஒவ்வொரு கோட்டிலும் அனுப்பும். உங்கள் ரிமோட் அதை அனுமதித்தால் யோசிக்காமல் அந்த வழியில் போங்கள். அனுமதிக்காவிட்டால் தேடலை மறந்துவிட்டு, கோட் பட்டியலில் உங்கள் பிராண்டுக்குக் கீழே உள்ளவற்றைக் கையால் ஒவ்வொன்றாகப் போட்டு வால்யூமில் சோதிப்பதே வேகம். பட்டியலில் நாலோ ஐந்தோதான் இருக்கும்.

தேடும் தலைப்பையும் கவனியுங்கள். ரேடியோ உள்ளடங்கிய ஆம்ப் என்றால் ரிசீவர் அல்லது ட்யூனர் பட்டியலில் இருக்கும். ரேடியோ இல்லாத ஆம்ப் என்றால் ஆம்ப் பட்டியலில். தவறான தலைப்பில் போட்ட சரியான எண்ணைச் சில ரிமோட்கள் ஏற்கவே ஏற்காது, வேறு சில ஏற்றுக்கொண்டு வேறு எதையோ அனுப்பும். எண்ணைப் போட்டதும் எல்இடி நீளமாக ஒருமுறை எரிந்தால் பெரும்பாலும் மறுப்பு, இரண்டு முறை சிமிட்டினால் ஒப்புதல்.

வால்யூம் கேட்கிறது, மற்றது கேட்கவில்லை

நல்ல செய்தி, கோட் குடும்பம் சரி. அதே பிராண்டின் அடுத்தடுத்த கோட்களைப் போட்டுப் பாருங்கள். ஒரே கம்பெனி பத்து வருடங்களில் வால்யூமுக்கு ஒரே உத்தரவை வைத்துக்கொண்டு, ஃபோனோ, டேப்-2 போன்ற இன்புட் தேர்வுகளை மட்டும் மாற்றியிருக்கும். எந்தக் கோட்டில் அதிக பட்டன்கள் வேலை செய்கின்றனவோ அதை வைத்துக்கொண்டு, விடுபட்டவற்றை மட்டும் ஒரிஜினல் ரிமோட்டிலிருந்து கற்றுக்கொடுப்பதுதான் (அதன் சிக்னலை யுனிவர்சல் ரிமோட்டில் பதிய வைப்பதுதான்) சிக்கனமான வழி.

பட்டன் இடம் மாறியிருக்கவும் கூடும். யுனிவர்சல் ரிமோட்டில் ஃபோனோ என்று ஒரு பட்டன் கிடையாது. ஆனால் அந்த உத்தரவு ஏதாவது எண் பட்டனிலோ மெனு பட்டனிலோ ஒளிந்திருக்கலாம். 0 முதல் 9 வரை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

வால்யூம் மட்டும் ஆம்புக்குப் போகாமல் டிவிக்குப் போகிறது என்றால் அது கோட் பிரச்சினையே இல்லை. எந்தச் சாதனம் தேர்வில் இருந்தாலும் வால்யூமை ஒரே சாதனத்துக்கு அனுப்பும் வசதி அது. ஒன் ஃபார் ஆல் குடும்பத்தில் 9-9-3 என்ற வழியில் அதை ஆம்புக்கு மாற்றலாம்.

கற்றுக்கொடுத்தால் ஏற்க மறுக்கிறது, அல்லது ஏற்றுக்கொண்டு வேலை செய்யவில்லை

ஒரு ரிமோட் இன்னொன்றிடமிருந்து கற்பது பழைய சங்கதி. ஜெனரல் எலக்ட்ரிக் 1985-இலேயே கன்ட்ரோல் சென்ட்ரல் என்று ஒன்றை விற்றது. ஸ்டீவ் வாஸ்னியாக் ஆப்பிளை விட்டு வந்து 1987-இல் கொண்டுவந்த கோர் ரிமோட்டும் இந்த வகைதான். இன்றும் சொதப்பும் இடங்கள் அதேதான்.

தூரம் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர். இரண்டையும் மேசைமேல் தட்டையாக வைத்து, முனைகளை ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய ரிமோட்டின் கீழே நாலு அட்டையை அடுக்கினால் போதும். சில மாடல்களில் கற்கும் கண் முன்முனையில் இல்லாமல் வால் பக்கம் இருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் எரியும் டியூப் லைட்டை அணையுங்கள். இரண்டிலும் புது பேட்டரி போடுங்கள்.

அழுத்தும் விதம்தான் பலரைக் கவிழ்ப்பது. யமஹா, ஒன்கியோ, கென்வுட் போன்றவை பயன்படுத்திய என்இசி முறையில், பட்டனை அழுத்தியதும் முழு உத்தரவு ஒருமுறைதான் போகும். அதற்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தால் சுமார் 110 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வெறும் 'அதையே செய்' என்ற குட்டி சிக்னல்தான் போகும். அதில் எந்த பட்டன் என்ற தகவலே கிடையாது. ஒரிஜினல் ரிமோட்டை முன்கூட்டியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு கற்கும் ரிமோட்டைத் தயார் செய்தால் அது அந்தக் குட்டி சிக்னலை மட்டும் பிடித்து, கற்றுவிட்டேன் என்று சிமிட்டும். செட்டோ அசையாது. ஆகவே கற்கும் ரிமோட் காத்திருக்க ஆரம்பித்த பிறகே ஒரிஜினலைத் தொடுங்கள்.

ஒரிஜினலில் ஒரு பட்டன் மட்டும் கற்க மாட்டேன் என்கிறதா? கேமராவில் பாருங்கள். அந்த பட்டனுக்கு மட்டும் மினுக்கல் வராவிட்டால் ரப்பர் பட்டனின் அடியில் இருக்கும் கறுப்புக் கார்பன் பரப்பு அழுக்கேறியோ தேய்ந்தோ இருக்கும். ரிமோட்டைப் பிரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ரப்பரையும் போர்டையும் மெதுவாகத் துடைத்தால் ஒருமுறை கற்றுக்கொடுக்கும் அளவுக்காவது உயிர் வரும். அந்த ஒருமுறை போதுமே.

பேங் அண்ட் ஓலுஃப்சன் வைத்திருப்பவர்கள் இந்தப் பாடுபட வேண்டாம். மற்றவர்களில் பெரும்பாலோர் 36 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் பேச, அவர்கள் 455 கிலோஹெர்ட்ஸில் பேசுகிறார்கள். சாதாரணக் கற்கும் ரிமோட்டால் அதைப் பிடிக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. அந்த அலைவரிசையைத் தாங்கும் என்று தெளிவாக எழுதியிருக்கும் ரிமோட்டையே வாங்குங்கள்.

தட்டினால் கேட்காது, பிடித்தால் கேட்கும்

சோனி செட்டா என்று பாருங்கள். சோனி முறையில் ஒரே உத்தரவு 45 மில்லி செகண்ட் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் செட் அதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். அசல் சோனி ரிமோட் எவ்வளவு சட்டென்று தட்டினாலும் மூன்றையும் அனுப்பிவிட்டுத்தான் ஓயும். கற்ற ரிமோட் சில சமயம் விரல் எடுத்ததும் நிறுத்திவிடுகிறது. உள்ளேயே இருக்கும் சோனி கோட்டுக்கு மாறுங்கள். அதற்கு வழியில்லை என்றால் பட்டனை ஒரு கணம் கூடுதலாகப் பிடிக்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் தடவை கேட்கிறது, அதே பட்டனை மறுபடி அழுத்தினால் கேட்கவில்லை

பிலிப்ஸ், மராண்ட்ஸ் சிடி பிளேயர்களில் இது அடிக்கடி வரும். 11-ஆவது பாட்டு வேண்டும் என்று 1, 1 என அழுத்தினால் 1-ஆவது பாட்டு ஓட ஆரம்பித்துவிடும். ரிமோட் பட்டன் பழுது என்றுதான் முதலில் தோன்றும்.

காரணம் பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் இருக்கும் ஒரு பிட். மொத்தம் 14 பிட் உத்தரவில் ஒன்று மட்டும், பட்டனைப் புதிதாக அழுத்தும் ஒவ்வொரு முறையும் 0, 1 என்று மாறி மாறி வரும். அதை வைத்துத்தான் பிளேயர், இது புது அழுத்தமா, பழைய அழுத்தமே நீள்கிறதா என்று தெரிந்துகொள்கிறது. கற்கும் ரிமோட் ஒரு முறை பார்த்ததை அப்படியே உறைய வைத்துவிடுவதால் அந்தப் பிட் மாறுவதில்லை. நீங்கள் இரண்டு முறை அழுத்தினாலும் பிளேயருக்கு அது ஒரே நீண்ட அழுத்தம். வால்யூமில் இந்தக் கோளாறு தெரியாது; அங்கே நீள்வதுதானே வேண்டும்.

தீர்வு, கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு ரிமோட்டின் உள்ளிருக்கும் பிலிப்ஸ் அல்லது மராண்ட்ஸ் சிடி கோட்டைப் போடுவது. உள்கோட் அந்தப் பிட்டை முறைப்படி மாற்றும். இந்த முறையில் சாதன முகவரிகள் பொதுவானவை, ஆம்புக்கு 16, ட்யூனருக்கு 17, டேப்புக்கு 18, சிடிக்கு 20. எனவே அந்தக் காலத்துப் பிலிப்ஸ் சிடி கோட் மராண்ட்ஸ் பிளேயரையும் பெரும்பாலும் ஓட்டும். உள்கோட் கிடைக்கவே இல்லையென்றால் நடுவில் வேறொரு பட்டனைத் தட்டலாம், அல்லது அதே உத்தரவை ஒரிஜினலில் இரண்டு முறை அடுத்தடுத்து அழுத்தி இரண்டு வெவ்வேறு பட்டன்களில் கற்றுக்கொடுத்து மாற்றி மாற்றி அழுத்தலாம். அழகான வழி இல்லைதான், ஆனால் ஓடும்.

கிட்டே போனால்தான் வேலை செய்கிறது

பேட்டரி புதிதுதானே? ரீசார்ஜபிள் என்றால் செல்லுக்கு 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான், தூரம் கொஞ்சம் குறையும். செட்டின் கண்மேல் படிந்த தூசி, புகைப் படலத்தைத் துடையுங்கள். நேர் வெயிலும் சில சிஎஃப்எல், டியூப் விளக்குகளும் சென்சாரைத் திணறடிக்கும். விளக்கை அணைத்ததும் தூரம் கூடினால் குற்றவாளி அதுதான்.

இவை எதுவும் இல்லையென்றால் அலைவரிசைப் பொருத்தத்தைச் சந்தேகியுங்கள். ஆர்சி-5 பேசுவது 36 கிலோஹெர்ட்ஸில், என்இசி 38, சோனி 40. சென்சார் தனக்குரியதில்தான் கூர்மையாகக் கேட்கும். இரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி வந்தால் கேட்காமல் போகாது, தூரம்தான் சுருங்கும். மோசமாகக் கற்ற பட்டனில் இப்படி ஆகும். மறுபடி கற்றுக்கொடுங்கள். ஒரிஜினல் ரிமோட்டுக்கும் இதே கதி என்றால் செட்டின் சென்சாரே சோர்ந்துவிட்டது. மூடியைத் திறந்து செய்ய வேண்டிய வேலை, உள்ளே மெயின்ஸ் மின்சாரம் இருக்கிறது, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒரு பட்டனுக்கு இரண்டு பெட்டிகள் ஆடுகின்றன

ஒரே பிராண்டில் இரண்டு சிடி பிளேயர் வைத்திருந்தால் இது சகஜம். சோனி சிடி சேஞ்சர்கள் சிலவற்றில் இதற்காகவே சிடி1, சிடி2, சிடி3 என்று கமாண்ட் மோட் ஸ்விட்ச் உண்டு. ஒன்றை நகர்த்தி, ரிமோட்டிலும் அதற்கேற்ற கோட்டைப் போட்டால் சண்டை தீரும். ஸ்விட்ச் இல்லாத செட்டுகளில், அதிகம் பயன்படுத்தாத பெட்டியின் கண்ணைக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு சுற்று போதாவிட்டால் இரண்டு சுற்று.

வால்யூம் தாவுகிறது, அல்லது மோட்டார் சத்தம் மட்டும் வருகிறது

பழைய ஆம்ப்களில் ரிமோட் வால்யூம் என்பது நிஜமாகவே குமிழைத் திருகும் ஒரு சின்ன மோட்டார். குறுகத் தட்டினாலும் நிறையத் திரும்பினால் யுனிவர்சல் ரிமோட் விரல் எடுத்த பிறகும் ஓரிரு உத்தரவுகளை அனுப்புகிறது என்று பொருள். அதே பிராண்டின் வேறு கோட்டில் இது சரியாவது உண்டு. புர்ர் என்ற சத்தம் வந்து குமிழ் திரும்பாவிட்டால் ரிமோட் தன் வேலையைச் செய்துவிட்டது. மோட்டாரையும் குமிழையும் இணைக்கும் கிளட்ச் வழுக்குகிறது, அதை ஆம்பில் பார்க்க வேண்டும்.

ஒரிஜினல் தொலைந்துவிட்டது, பட்டியலில் கோட்டும் இல்லை

அதே பிராண்டில், அதே வகையில், பிந்தைய வருட மாடலின் ரிமோட்டை முயலுங்கள். அடிப்படை உத்தரவுகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஐஆர் (அகச்சிவப்பு) வசதியுள்ள போன் இருந்தால் செலவில்லாமல் பல கோட்களைச் சோதித்துப் பார்க்கலாம். லினக்ஸ் உலகின் லிர்க் திட்டம் பல வருடங்களாகச் சேர்த்த ரிமோட் கோப்புகளில் வேறெங்கும் கிடைக்காத ஆடியோ செட்டுகள் இருக்கின்றன. லாஜிடெக்கின் ஹார்மனி ரிமோட்களின் தரவுத்தளமும் பழைய ஆடியோவுக்குப் பெயர் பெற்றது. அவற்றின் உற்பத்தியை 2021-இல் நிறுத்திவிட்டார்கள் என்பதால் பழையதாக மட்டுமே கிடைக்கும். பேட்டரி அறைக்குள் ஆறு முனை கொண்ட ஜேபி1 இணைப்பு இருக்கும் யுனிவர்சல் ரிமோட் கிடைத்தால் விடாதீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து அதற்குள் புதுக் கோட்களையே எழுதிவிடலாம்.

பேட்டரி மாற்றியதும் எல்லாம் மறந்துவிட்டது

பழைய யுனிவர்சல் ரிமோட்களின் நினைவு மின்சாரம் இருக்கும் வரைதான். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் புதியதைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு சட்டென்று மாற்றுங்கள். நடுவில் எந்த பட்டனையும் தொடாதீர்கள், மிச்ச மின்சாரம் அதில் தீர்ந்துவிடும். ஒன் ஃபார் ஆல் வகையில் 9-9-0 வழியாக, ஏற்றியிருக்கும் கோட்டை எல்இடி சிமிட்டி எண்ணாகவே சொல்லும். ஒவ்வொரு சாதனத்துக்கும் அதைக் குறித்து, ஸ்டிக்கரில் எழுதி, பேட்டரி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பேனா மை அழியும், பெர்மனன்ட் மார்க்கரில் எழுதுங்கள்.